எதிர்த்தவர்களும் அதே ரோட்டில்தானே போகிறார்கள்?

தொலைக்காட்சியில் சாலைத் திட்டம் பற்றி விவாதம் நடந்தால், யாராவது ஒருவர் இந்த வாக்கியத்தை எடுத்துப் போடாமல் நிகழ்ச்சி முடியாது: "நாற்கரச் சாலை வந்தப்பவும் இப்படித்தான் கொடி பிடிச்சாங்க. இப்ப எல்லாரும் அதே ரோட்டுலதானே போறாங்க?" ஓய்வுபெற்ற அதிகாரி சொல்வார், தொழிலதிபர் சொல்வார், டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்பவரும் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதோடு எதிர்ப்பு தெரிவித்தவன் அறியாதவன் ஆகிவிடுவான், திட்டம் போட்டவர் தீர்க்கதரிசி ஆகிவிடுவார்.

இந்த வாக்கியத்துக்குள் ஓர் உண்மை இருப்பதால்தான் இத்தனை செல்வாக்கு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவு பஸ்ஸில் போனவர்களுக்கு, எதிரே வரும் லாரியின் விளக்கில் கண் கூசி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் மறந்திருக்காது. அந்தச் சாலை அகலமானது நல்லது. ஒட்டன்சத்திரம் காய்கறி விடிவதற்குள் கோயம்பேட்டில் இறங்குவது நல்லது. இதையெல்லாம் யாரும் மறுக்கத் தேவையில்லை. மறுக்க வேண்டியது, அந்த நன்மையைக் காட்டி அடுத்த ஐம்பது ஆண்டுக்கான எல்லாத் திட்டங்களுக்கும் முன்கூட்டியே ரசீது கிழிக்கும் வழக்கத்தை.

'அதே ரோட்டில் போகிறார்கள்' என்கிறார்களே, யார் போகிறார்கள்? பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனம், ஆட்டோ, டிராக்டர் எதற்கும் அனுமதி இல்லை. ஓரத்தில் ஓடும் சர்வீஸ் ரோட்டில்தான் அவை போக வேண்டும். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் பறக்கும் இடத்தில் டிராக்டர் ஊர்ந்தால் விபத்துதான். ஆனால் அந்தச் சாலைக்கு நிலம் கொடுத்த மண்டியா விவசாயி வீட்டில் என்ன வண்டி நிற்கும்? டிவிஎஸ் எக்ஸெல்லும் டிராக்டரும்தான். நிலம் கொடுத்தவர் ஒருவர், சாலையில் போகிறவர் வேறொருவர். புதிதாகத் திட்டமிடப்படும் விரைவுச்சாலைகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை: இரு பக்கமும் வேலி, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஏற இறங்க வழி. வயல் இந்தப் பக்கமும் கிணறு அந்தப் பக்கமுமாகப் பிரிந்த குடியானவன் சுரங்கப்பாதையைத் தேடி இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நாற்கரச் சாலையின் அனுபவத்தை இந்தச் சாலைகளுக்குச் சாட்சியாக அழைப்பதே தவறு.

சரி, காரில் போகிறவர்களையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு இடத்தில் சுங்கம் கட்டுகிறார். விரும்பியா கட்டுகிறார்? புதிதாகக் கட்டணச் சாலை ஒன்று போட்டு, பழைய சாலையை அப்படியே விட்டிருந்தால், எதில் போவது என்பது அவர் விருப்பம். இங்கே வெள்ளைக்காரன் காலத்து ஜி.எஸ்.டி. ரோடே அகலப்படுத்தப்பட்டுச் சுங்கச் சாலை ஆகிவிட்டது. ஊர்ப் பொதுக்கிணற்றை மூடி, அதன் மேல் காசு போட்டால் தண்ணீர் வரும் குழாய் ஒன்றை வைத்துவிட்டு, 'பாருங்கள், எல்லோரும் இதில்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்' என்று பெருமைப்படுவதுபோல் இருக்கிறது இந்த வாதம். வேறு வழி இல்லாமல் பயன்படுத்துவது சம்மதம் ஆகாது. ஏப்ரல் 1, செப்டம்பர் 1 என்று சுங்கக் கட்டணம் ஏறும் இரண்டு தேதிகளைத் தமிழ்நாட்டு வாகன ஓட்டிகள் பண்டிகை நாள்போல நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலைகளில் டோல்கேட்டில் காதில் விழும் சொற்களை எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சிடாது.

இந்த வாக்கியம் அதிகமாகப் பயன்பட்டது சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை விஷயத்தில். 2018 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட திட்டம். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று ஐந்து மாவட்டங்களின் வயல், தோப்பு, காப்புக்காடு வழியாகக் கோடு இழுக்கப்பட்டது. அரசு இதற்குச் சூட்டிய தமிழ்ப் பெயர் 'பசுமைவழிச் சாலை'. இதுவரை சாலையே இல்லாத புது நிலத்தில் போடும் சாலையைப் பொறியாளர்கள் ஆங்கிலத்தில் கிரீன்ஃபீல்டு என்பார்கள். அதில் வரும் பச்சைக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை. வெறும் இடம் என்றுதான் பொருள். அந்தச் சொல்லைப் 'பசுமை' என்று மொழிபெயர்த்ததில், மரத்தை வெட்டிப் போடும் சாலைக்கு மரத்தின் பெயரே கிடைத்துவிட்டது. தமிழில் அண்மையில் நடந்த மொழிபெயர்ப்புகளில் இதைப்போல் அரசுக்குக் கைகொடுத்தது வேறு இல்லை.

வயலில் கல் நட வந்தபோதுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது. பிடுங்கினார்கள், அழுதார்கள், மறித்தார்கள், கைதானார்கள். 'வளர்ச்சிக்கு எதிரிகள்' என்ற பட்டமும் வந்தது. அவர்கள் கேட்ட கேள்வியோ மிகச் சாதாரணமானது: சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே கிருஷ்ணகிரி வழியாக ஒன்று, உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் முதலில் சரிசெய்யக் கூடாது?

இந்தக் கேள்வியின் கனம் தெரிய வேண்டுமானால் சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் போயிருக்க வேண்டும். பெயர் நான்கு வழிச்சாலை. மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம் என்று மூன்று இடத்தில் சுங்கம். ஆனால் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் போன்ற ஊர்களின் புறவழிச்சாலைகள் பல ஆண்டுகள் இரண்டு வழியாகவே கிடந்தன. நான்கு வழியில் விரட்டி வரும் வண்டி, ஊர் வந்ததும் திடீரென்று எதிர்வண்டியோடு ஒரே தாரில் மோத வேண்டிய ஏற்பாடு. எத்தனை குடும்பங்கள் அங்கே சிதைந்தன என்று அந்த வட்டாரத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கையில் இருக்கும் சாலையின் புறவழிகளை முடிக்காமல், பக்கத்திலேயே 10,000 கோடிக்குப் புதுச் சாலை போட வருகிறவர்களைப் பார்த்து விவசாயி கேட்ட கேள்வியில் என்ன அறியாமை இருக்கிறது?

இன்னொன்றும் பின்னால் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டப் பட்டியலில் முதலில் இருந்தது சென்னை–மதுரை வழித்தடம். அதன் இடத்தில்தான் சென்னை–சேலம் வந்து உட்கார்ந்தது. ஐம்பதாண்டுத் தொலைநோக்கு என்று சொல்லப்படுவது ஒரு மாற்றத்தில் மதுரையை விட்டுச் சேலத்துக்குத் திரும்ப முடியுமானால், அந்த நோக்கைக் கேள்வி கேட்பவர்களைப் பழிப்பது எப்படி?

எதிர்ப்பு கிளம்பிய சில மாதங்களிலேயே திட்டம் சுருங்கியது. சாலைக்கு எடுக்கும் அகலம் 90 மீட்டரிலிருந்து 70 மீட்டராகக் குறைந்தது; மதிப்பீடு 7,210 கோடிக்கு இறங்கியது. காட்டுக்குள் எடுக்கும் நிலமும் குறைந்தது. இவ்வளவு குறைக்க முடியும் என்றால் முதல் வரைபடத்தை யார் சரிபார்த்தார்கள்? கல்லைப் பிடுங்கியவர்கள்தான் சரிபார்த்தார்கள் என்று சொல்வதில் தவறில்லை. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் முதல் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று கூறி, திட்டத்தைத் தொடர வழி விட்டது. தொடர வழி இருந்தும் இன்றுவரை அந்தச் சாலை வரவில்லை. அவ்வளவு அவசரம் என்று சொல்லப்பட்ட சாலை.

(அந்தப் போராட்ட மேடைகளில் பேசப்பட்டது எல்லாம் சரி என்று இங்கே வாதாடவில்லை. சாலையே கஞ்சமலை இரும்புத் தாதுவுக்காகத்தான் என்று சிலர் முழங்கினார்கள். அதை நிரூபிக்கும் பொறுப்பு முழங்கியவர்களுடையது. விவசாயியின் கேள்வி அந்தச் சந்தேகத்தை நம்பி நிற்கவில்லை.)

'எதிர்ப்பவர்கள் முதலிலேயே முறைப்படி சொல்லியிருக்கலாமே, ஏன் தெருவில் இறங்க வேண்டும்' என்பது இதே வாதத்தின் நாகரிகமான வடிவம். முறை என்னவென்று பார்த்தால் பதில் கிடைக்கும். 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலம் எடுக்கும் நோக்கத்தை அரசிதழில் அறிவிப்பார்கள். உள்ளூரில் புழங்கும் இரு பத்திரிகைகளில் வரும். அரசிதழ் அறிவிப்பிலிருந்து 21 நாள். அதற்குள் ஆட்சேபணை தர வேண்டும். எந்த வழியாகப் போவது, தேவையா, எத்தனை வழி, யாருக்காக என்பதெல்லாம் டெல்லியில் முடிவான பிறகு, உன்னுடைய சர்வே எண்ணைப் பற்றி மட்டும் பேசு என்கிறது நடைமுறை. நிலம் கையகப்படுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்று சொல்கிறது; ஆனால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தை அதன் நான்காம் அட்டவணையில் வைத்து அந்த ஆய்விலிருந்து விலக்கியும் விட்டது. இழப்பீடு மட்டும் புதுக் கணக்கு. ஆக, காசைப் பற்றிப் பேச இடம் உண்டு, சாலையைப் பற்றிப் பேச இடம் இல்லை. பேச இடமில்லாதவர்கள் ரோட்டில்தான் உட்காருவார்கள்.

திட்டம் போடுகிறவர்களின் கணக்கு எப்போதும் சரியாக இருந்தால் இந்த முறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டணச் சாலைகளில் எத்தனை வண்டி ஓடும் என்ற முன்மதிப்பீட்டை ராபர்ட் பெயின் என்ற ஆய்வாளர் பல நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட திட்டங்களை வைத்துச் சரிபார்த்தார். சொன்னது 100 என்றால் வந்தது சராசரியாக 77. மதிப்பீடு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சமமாகத் தவறியிருந்தால் கணக்குப் பிழை எனலாம். பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் அது ஆசை.

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலம் இதற்குப் பெரிய பாடம். 2002 ஜனவரியில் ஆளுநர் ரிக் பெர்ரி 'டிரான்ஸ்–டெக்ஸஸ் காரிடர்' என்ற திட்டத்தை அறிவித்தார். சுமார் 4,000 மைல். கார்களுக்கு, லாரிகளுக்கு, ரயிலுக்கு, குழாய்களுக்கு, மின்கம்பிகளுக்கு எல்லாம் சேர்த்து 1,200 அடி வரை அகலம். அதாவது நம்முடைய எட்டு வழிச்சாலைபோல் நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்த அகலம். பெரும்பகுதி கட்டணச் சாலை, தனியார் முதலீடு, ஐம்பதாண்டுக் கனவு. ஊர் ஊராகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. டெக்ஸஸ் விவசாயி இடதுசாரி இல்லை. பெர்ரிக்கே ஓட்டுப் போட்டவர். அவர்கள்தான் கூட்டங்களில் எழுந்து நின்று முடியாது என்றார்கள். அவர்களையும் பின்தங்கியவர்கள் என்றார்கள். அந்த எதிர்ப்பில் அபத்தமும் கலந்திருந்தது: மெக்சிகோ, அமெரிக்கா, கனடா மூன்றையும் ஒரே நாடாக்கும் சதி இது என்று ஒரு கூட்டம் நம்பியது. ஆனாலும் 2007இல் தனியார் கட்டணச் சாலை ஒப்பந்தங்களுக்கு மாநிலச் சட்டமன்றம் தடை போட்டது. 2009இல் போக்குவரத்துத் துறை கனவைக் கைவிட்டது. 2011இல் அதற்கான சட்டமே நீக்கப்பட்டது.

பெரிய திட்டத்தில் முன்நின்ற ஸ்பெயின் நிறுவனமும் டெக்ஸஸ் நிறுவனமும் சேர்ந்து கட்டிய ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது: ஆஸ்டினுக்குத் தெற்கே 41 மைல் நீளும் எஸ்.எச். 130 சாலை. 2012இல் திறந்தார்கள். மணிக்கு 85 மைல், அமெரிக்காவிலேயே அதிக வேக வரம்பு. விளம்பரத்துக்குக் குறைவில்லை. வண்டிகள்தான் வரவில்லை. 2016 மார்ச்சில் அதை நடத்திய நிறுவனம் திவால் மனு போட்டது. 'எதிர்த்தவர்களும் அதில்தானே போகிறார்கள்' என்று அங்கே சொல்ல முடியாது. ஆதரித்தவர்களே அதில் போதிய அளவு போகவில்லை.

நம் பக்கத்துக் கேரளத்தில் நடந்தது இன்னும் வெளிப்படை. தேசிய நெடுஞ்சாலை 66ஐ ஆறு வழியாக்கும் வேலையில், மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் வயல்வெளியின் குறுக்கே மண்ணைக் கொட்டி உயர்த்திச் சாலை போட்டார்கள். சேற்று நிலம், மண் தாங்காது, தூண் நட்டு மேம்பாலமாகப் போடுங்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். 2025 மே 19 அன்று சாலை சரிந்து கீழே ஓடிய கார்களின் மேல் விழுந்தது. பிறகு, அதே இடத்தில் தூண்கள் மேல் நிற்கும் பாலம் கட்டுவது என்று முடிவானது. அந்த வயலில் மழைக்காலத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு நிற்கும் என்பது அங்கே நாற்று நட்டவனுக்குத் தெரியும்.

எதிர்ப்பால் தாமதம், தாமதத்தால் செலவு ஏறுகிறது என்பார்கள். 2017இல் ஒப்புதல் பெற்ற பாரத்மாலா முதல் கட்டம் 34,800 கிலோமீட்டர், 5.35 லட்சம் கோடி, 2022க்குள் முடிய வேண்டியது. 2023 மார்ச் வரை முடிந்தது 13,499 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 15.37 கோடி என்று அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்ட இடத்தில் 32.17 கோடிக்கு வேலைகள் அனுமதிக்கப்பட்டன என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதினார். டெல்லியை ஒட்டிய துவாரகா விரைவுச்சாலையில் 18.20 கோடி என்பது 250.77 கோடி ஆனது. உயர்த்திக் கட்டியதால்தான் என்று அமைச்சகம் விளக்கம் சொன்னது. விரிவான திட்ட அறிக்கை ஒப்புதல் ஆகாமலும், நிலம் கையில் வராமலும் டெண்டர் கொடுத்த வேலைகள் பற்றியும் அந்தத் தணிக்கை அறிக்கை பேசுகிறது. இதில் எந்த இடத்தில் திருவண்ணாமலை விவசாயி வந்தார்? செலவை இரட்டிப்பாக்கியது கொடி பிடித்தவர் கை இல்லை.

சாலையில் போய்க்கொண்டே எதிர்ப்பது முடியாத காரியமா? தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணம் அதைச் செய்து காட்டியது. ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவைச் சுற்றிய 201 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தி, மேலே கேமரா வளைவுகள் வைத்து, 2013 டிசம்பர் 3 முதல் மின்னணுச் சுங்கம் வசூலித்தார்கள். மக்கள் தினமும் அந்தச் சாலையில் போனார்கள், பில் வந்தது, பெரும்பாலோர் கட்டவில்லை. எங்களைக் கேட்காமல் போட்ட கட்டணம், எங்கள் வரியில் வந்த சாலை என்றார்கள். பத்தாண்டு இழுபறிக்குப் பின் 2024 ஏப்ரலில் அரசு வசூலை நிறுத்தியது. சாலைக்காக வாங்கிய கடனை மத்திய, மாகாண அரசுகள் பங்கு போட்டுக்கொண்டன. இதைப் பொறுப்பின்மை என்று சொல்லலாம்; கட்டியவனும் கட்டாதவனும் ஒன்றாகிவிட்டார்கள் என்ற மனக்குறை அங்கே உண்டு. ஆனால் பயன்பாடு சம்மதம் ஆகும் என்ற வாதம் அங்கே பத்து வருடம் நடுரோட்டில் தோற்றது.

இங்கே நம் வாகன ஓட்டிகள் அவ்வளவு தூரம் போவதில்லை. திருமங்கலத்தை ஒட்டினாற்போல் நிற்கும் கப்பலூர் டோல்கேட்டை இடம் மாற்றச் சொல்லி ஊர் எத்தனையோ முறை கடையடைத்துவிட்டது. நகராட்சி எல்லைக்கு 10 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுங்கச்சாவடி இருக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டாலும் 5 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது என்பது 2008ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின் பொது ஏற்பாடு. விதியைப் படித்தவர்கள் கடையடைத்தவர்கள்தான். திருச்சூர் அருகே பாலியேக்கராவில், சாலை குண்டும் குழியுமாக இருக்கச் சுங்கம் எதற்கு என்று சண்டை போட்டவர்கள் பக்கம் 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் நின்று, வசூலைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. நெடுஞ்சாலை ஆணையத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பின்னர் வசூல் மீண்டும் தொடங்கியது. ஆனால் காசு வாங்குகிறவனுக்கும் ஒரு கடமை உண்டு என்பது எழுத்தில் ஏறியது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வாக்கியத்தை உதிர்ப்பவர்கள் ஒருமுறை டெல்லிக்கும் நொய்டாவுக்கும் இடையே யமுனை மேல் போகும் டி.என்.டி. பாலத்தைப் பார்த்து வர வேண்டும். 2001இல் திறந்த கட்டணப் பாலம். மொத்தச் செலவின் மேல் ஆண்டுக்கு 20 சதவீத லாபம் நிறுவனத்துக்கு உறுதி. ஒரு வருடம் அவ்வளவு வராவிட்டால் குறைந்த தொகை முதலோடு சேரும். அதற்கும் அடுத்த வருடம் 20 சதவீதம். கந்துவட்டிக்காரன்கூட வெட்கப்படும் கணக்கு. சுமார் 400 கோடிக்குக் கட்டிய பாலத்தில், வண்டிகள் சுங்கம் கட்டக் கட்ட, வர வேண்டிய பாக்கி வளர்ந்துகொண்டே போனது. இதைக் கண்டுபிடித்து நீதிமன்றத்துக்கு எடுத்துப்போனது எந்தத் திட்டக் குழுவும் இல்லை. தினமும் அந்தப் பாலத்தில் வேலைக்குப் போய் வந்த நொய்டா குடியிருப்போர் சங்கங்கள். 2016 அக்டோபர் 26 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பாலம் அப்படியேதான் இருக்கிறது. வண்டிகள் ஓடுகின்றன, சுங்கம் இல்லை. எதிர்த்தவர்களும் அதில்தான் போகிறார்கள்.